கரைவதும் தங்குவதும்: இரு நானோ துகள்களின் நச்சுக் கணக்கு

ஆய்வகத் தட்டில் வளரும் மனித மூச்சுக்குழல் உயிரணுக்களின் மேல், மில்லிலிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் அளவில் துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களை இட்டால், ஒரு நாள் முடிவதற்குள் பெரும்பாலான உயிரணுக்கள் மடிந்துவிடுகின்றன. அதே உயிரணுக்களின் மேல் அதே அளவு டைட்டேனியம் டைஆக்சைடு நானோ துகள்களை இட்டால், அவை துகள்களை விழுங்கிக்கொண்டு பெரிய தடையின்றி வளர்கின்றன. முதலாவதைக் கொடியது என்றும் இரண்டாவதைச் சாது என்றும் எழுதிவிடத் தோன்றும்.

உணவுச் சட்டங்களைப் புரட்டினால் இந்த வரிசை தலைகீழாகிறது. தட்டில் கொன்ற துத்தநாக ஆக்சைடை ஊட்டச்சத்தாக உணவில் சேர்க்க அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. தட்டில் சாதுவாகத் தெரிந்த டைட்டேனியம் டைஆக்சைடை உணவு வெண்ணிறமூட்டியாகப் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் தடை செய்தது. ஆய்வகம் சொல்வதும் சட்டம் சொல்வதும் இப்படி எதிரெதிராக நிற்கும்போது, இரண்டில் ஒன்று தவறு என்று முடிவுகட்டுவது எளிது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டும் சரி என்பது புலப்படும். ஒரே கேள்வியை இரண்டு கால அளவுகளில் கேட்டதால் கிடைத்த இரண்டு விடைகள் அவை.

ஒத்த முகம், மாறுபட்ட குணம்

இவ்விரு பொருள்களையும் இணைவைக்க வலுவான காரணங்கள் உண்டு. இரண்டும் வெண்பொடிகள். இரண்டும் சன்ஸ்கிரீன் களிம்புகளில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கனிமங்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019-இல் 16 வகைச் சன்ஸ்கிரீன் மூலப்பொருள்களை மறுபரிசீலனை செய்தபோது, பாதுகாப்பும் பயனும் ஏற்கத்தக்கவை என்று முன்மொழிந்தவை இவை இரண்டை மட்டுமே. துத்தநாக ஆக்சைட்டின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 81. டைட்டேனியம் டைஆக்சைட்டின் எடை 80. இரண்டும் குறைக்கடத்திகள். எலக்ட்ரானை மேல்நிலைக்குத் தாவவைக்கத் தேவைப்படும் ஆற்றல் முதலாவதற்கு ஏறத்தாழ 3.3 எலக்ட்ரான் வோல்ட். இரண்டாவதன் அனடேஸ் என்ற படிக வடிவத்திற்கு 3.2. இத்தனை நெருக்கமான இரட்டையரை வேதியியலில் தேடிப் பிடிப்பது அரிது.

பிரிவு தொடங்குவது அமிலத்தில். டைட்டேனியம் டைஆக்சைடு மனித உடலில் உள்ள எந்த அமிலத்திலும் குறிப்பிடும்படி கரைவதில்லை. துத்தநாக ஆக்சைடு நடுநிலை நீரில் ஓரளவு கரைகிறது. அமிலம் சேர்ந்தால் வேகமாகக் கரைந்து துத்தநாக அயனிகளாகிவிடுகிறது.

அடுத்த வேறுபாடு உடலோடு உள்ள உறவில். வளர்ந்த மனிதரின் உடலில் இரண்டு முதல் மூன்று கிராம் துத்தநாகம் இருக்கிறது. ஏறத்தாழ 3,000 வகைப் புரதங்கள் அதைப் பற்றிக்கொண்டே வேலை செய்கின்றன. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. டைட்டேனியத்திற்கோ மனித உடலில் அறியப்பட்ட எந்தப் பணியும் இல்லை. ஒன்று வீட்டு உறுப்பினர். மற்றொன்று முன்பின் அறியாத விருந்தாளி.

பழகியதை உயிரணு தாங்கும், புதியதைக் கண்டு தடுமாறும் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆய்வகம் காட்டுவது இதற்கு நேர்மாறு. காரணத்தைத் தேடினால் அதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. துத்தநாகம் உயிரணுவுக்குப் பழக்கமானது என்பதாலேயே அதற்குத் திறக்கும் கதவுகளும், அதைப் பற்றிக்கொள்ளும் புரதங்களும், அதற்குப் பணியும் நொதிகளும் உள்ளே ஏராளம். அளவு மீறி நுழையும்போது அத்தனை இடங்களிலும் அது குறுக்கிட முடியும். டைட்டேனியத்தை வரவேற்க உள்ளே யாரும் இல்லை. அதனால் சட்டென்று கெடுக்கவும் அதற்கு வழி இல்லை.

முதல் இருபத்துநான்கு மணி நேரம்

தட்டுக்குள் இரண்டும் எப்படிப் பயணிக்கின்றன என்று தொடர்ந்து பார்ப்போம். தூய நீரில் துத்தநாகத் துகளின் மேற்பரப்பு நேர்மின்னூட்டம் கொண்டிருக்கும். உடலின் அமிலநிலைக்கு நெருங்கிய சூழலில் டைட்டேனியத் துகளின் மேற்பரப்பு மெல்லிய எதிர்மின்னூட்டம் கொண்டிருக்கும். உயிரணு வளர்ப்புத் திரவத்தில் கன்றின் சீரம் வழக்கமாகப் பத்து விழுக்காடு கலந்திருக்கும். அந்தத் திரவத்தில் விழுந்த சில நொடிகளிலேயே இரு துகள்களையும் ஆல்புமின் முதலான புரதங்கள் போர்த்திவிடுகின்றன. போர்வைக்குப் பிறகு இரண்டின் மின்னூட்டமும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகிறது. இரண்டும் தனித்துகள்களாக நில்லாமல், சில நூறு நானோமீட்டர் அளவுத் திரள்களாகச் சேர்ந்து தட்டின் அடியில் படிகின்றன. உயிரணு முதலில் தொடுவது துத்தநாகத்தையோ டைட்டேனியத்தையோ அல்ல. புரதம் போர்த்திய ஒரு திரளை. அந்தக் கணத்தில் இரண்டுக்கும் வேற்றுமை மிகக் குறைவு.

வழியும் ஒன்றே. உயிரணுச் சவ்வு உள்நோக்கி மடிந்து திரளை விழுங்குகிறது. விழுங்கிய பை படிப்படியாக அமிலமேறி லைசோசோமில் முடிகிறது. லைசோசோமின் பி.எச். மதிப்பு 4.5 முதல் 5 வரை. உயிரணு வெளிப்பொருளைச் செரிக்கும் அறை அது. இரட்டையர் கைவிட்டுப் பிரியும் இடமும் அதுவே.

துத்தநாகத் துகள் அங்கே கரைகிறது. அயனிகள் குவிந்து லைசோசோமின் சவ்வு நிலைகுலைகிறது. அவை உயிரணுத் திரவத்துள் பரவுகின்றன. உயிரணு உடனே சும்மா இருந்துவிடுவதில்லை. மெட்டலோதயோனின் என்ற சிறு புரதம் மூலக்கூறு ஒன்றுக்கு ஏழு துத்தநாக அயனிகள் வரை கட்டிவைக்கிறது. அயனி மிகுதியை உணரும் காரணிகள் அந்தப் புரதத்தை மேலும் மேலும் உற்பத்தி செய்யத் தூண்டுகின்றன. மழைநீரை ஏரி வாங்கிக்கொள்வதுபோல இந்த ஏற்பாடு ஓர் அளவுவரை தாங்குகிறது. நிறைந்தபின் ஒவ்வொரு துளியும் கலங்கல் வழியே வழிந்துதான் ஆகவேண்டும். வழிந்த அயனிகள் மைட்டோகாண்ட்ரியாவை எட்டி, அதன் சவ்வு மின்னழுத்தத்தைக் குலைக்கின்றன. ஆற்றல் உற்பத்தி சரிகிறது, வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன, இன்டர்லூகின்-8 போன்ற அழற்சிச் சைகைகள் வெளியேறுகின்றன, உயிரணு மடிகிறது. துத்தநாகத்தின் நச்சு வரைபடம் ஓர் எல்லைவரை தட்டையாகச் சென்று திடீரென்று செங்குத்தாக இறங்குவதன் காரணம் இந்தத் தாங்கு ஏற்பாடுதான்.

டைட்டேனியத் துகள் அதே லைசோசோமில் அப்படியே கிடக்கிறது. மின்னணு நுண்ணோக்கியின் வழியே பார்த்தால் பைகளுக்குள் கருந்திட்டுகளாகப் பல நாள்களுக்குப் பிறகும் தெரிகிறது. உயிரணு பிளவுறும்போது துகள்களும் இரண்டு மகளுயிரணுக்களுக்குப் பங்காகின்றன. அதன் நச்சு வரைபடத்தில் செங்குத்துச் சரிவு எதுவும் இல்லை. இருளில் வைத்துச் செய்யும் சோதனைகள் பலவற்றில் மில்லிலிட்டருக்கு நூறு மைக்ரோகிராம் சென்றாலும் மெல்லிய சரிவே தெரியும்.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஆந்த்ரே நெல் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பிரிவை மிகத் தெளிவாகக் காட்டியது. ஒரே நுட்பத்தில் தயாரிக்கப்பட்ட துத்தநாக, டைட்டேனிய, சீரிய ஆக்சைடு துகள்களை மனித மூச்சுக்குழல் உயிரணுக்களிலும் எலியின் பெருவிழுங்கி உயிரணுக்களிலும் அவர்கள் ஒப்பிட்டனர். துத்தநாகம் கொன்றது. சீரியம் உயிரணுவை ஆக்சிஜனேற்றக் கேட்டிலிருந்து காத்தது. டைட்டேனியம் கொல்லவும் இல்லை, காக்கவும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். கொல்வது துகளா, அயனியா? துகளே இல்லாத துத்தநாக உப்புக் கரைசலை இட்டாலும், ஒத்த துத்தநாக அளவில் உயிரணுக்கள் ஏறத்தாழ அதே போக்கில் மடிகின்றன. அப்படியானால் துகள் ஒரு சுமைவண்டி; நஞ்சு அதன் சரக்கு. கணக்கிட்டுப் பார்த்தாலும் இது பொருந்தும். துத்தநாக ஆக்சைட்டின் எடையில் 80 விழுக்காடு துத்தநாகம். மில்லிலிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம் துகளை இட்டால் எட்டு மைக்ரோகிராம் துத்தநாகம் சேர்கிறது. மனித இரத்த பிளாஸ்மாவில் இயல்பாக இருப்பது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம்தான். மிகுதியை உடலில் குடலும் கல்லீரலும் ஒழுங்குபடுத்தும். தட்டில் வளரும் உயிரணுவுக்கு அந்தத் துணை கிடையாது.

துத்தநாகத்தின் நச்சு, துகள் துகளாக இருப்பதை நிறுத்தும்போது தொடங்குகிறது. டைட்டேனியத்தின் நச்சு, ஏதேனும் இருந்தால், துகள் துகளாகவே நீடிப்பதில்தான் இருக்க வேண்டும். ஒப்பீட்டின் முதுகெலும்பு இது.

இருளில் சோதித்த ஒளிப்பொருள்

உயிரணுக்களை வளர்க்கும் அடைகாப்புப் பெட்டி இருட்டானது. டைட்டேனியம் டைஆக்சைடோ ஒளியில் விழித்தெழும் பொருள். அதன்மேல் புற ஊதா ஒளி விழுந்தால் நீர் மூலக்கூறு பிளவுபடும் என்பதை ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் நேச்சர் இதழில் அறிவித்தனர். ஒளிவினையூக்கம் என்ற துறை அதிலிருந்து வளர்ந்தது. 1992-இல் ஃபுஜிஷிமாவின் குழுவே, டைட்டேனியத் துகள் இட்ட ஹீலா புற்று உயிரணுக்களின் மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி அவற்றைக் கொன்று காட்டியது. ஆக்ஸ்ஃபோர்டில் நோலண்ட் குழுவினர் 1997-இல் கடைகளில் விற்ற சன்ஸ்கிரீன்களிலிருந்தே இக்கனிமங்களைப் பிரித்தெடுத்து ஒளியில் வைத்துச் சோதித்தனர், டி.என்.ஏ. சேதமடைவதை மனித உயிரணுக்களிலும் கண்டனர்.

படிக வடிவமும் இங்கே பேசத் தொடங்குகிறது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு 2006-இல் மனிதத் தோல் நார் உயிரணுக்களிலும் நுரையீரல் உயிரணுக்களிலும் அனடேஸ், ரூட்டைல் ஆகிய இரு வடிவங்களை ஒப்பிட்டது. வேதி வாய்பாடு ஒன்று. அணுக்களின் அடுக்கு மட்டுமே வேறு. அனடேஸின் நச்சு ரூட்டைலைப்போல நூறு மடங்கு இருந்தது. புற ஊதா ஒளியில் எந்த மாதிரி வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை அதிகம் உண்டாக்கியதோ அதுவே உயிரணுவையும் அதிகம் பாதித்தது. டைட்டேனியத்தைச் சாது என்று பொதுவாகச் சொல்ல முடியாது; எந்த வடிவம், எந்த வெளிச்சம் என்று கேட்டபிறகே சொல்ல முடியும்.

துத்தநாக ஆக்சைடும் ஒளிவினையூக்கியே. ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ ஒன்றாயிற்றே. ஆனால் ஒளி அதன் மேல் பட்டால் படிகமே அரிக்கப்பட்டு, அயனிகள் மேலும் வெளிவருகின்றன. இருளில் அமிலம் கரைப்பதை, ஒளியில் எலக்ட்ரான் தாவிய இடத்தில் எஞ்சும் மின்துளைகள் கரைக்கின்றன. எந்த வழியாகப் போனாலும் துத்தநாகம் கரைவதிலேயே போய் முடிகிறது. டைட்டேனியமோ ஒளியில் வினையூக்கியாக நின்று, தான் குறையாமல் சுற்றியுள்ளவற்றை மாற்றிக்கொண்டே இருக்கிறது.

எதிர்பாராத உறவு ஒன்று இங்கே தென்படுகிறது. உயிரணுவுக்குள் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகியதைக் காட்ட ஆய்வகங்கள் ஒரு சாயத்தைப் பயன்படுத்துகின்றன. ஆக்சிஜனேற்றம் நடந்தால் அது பச்சையாக ஒளிரும். துத்தநாகத்திற்கும் ஒளிரும், வெளிச்சம் பட்ட டைட்டேனியத்திற்கும் ஒளிரும். தட்டின் மேல் தெரிவது ஒரே பச்சை. உண்டாக்கியவரோ வேறு வேறு. டைட்டேனியத்தில் அந்த மூலக்கூறுகள் துகளின் மேற்பரப்பில் பிறக்கின்றன. துத்தநாகத்தில் பெரும்பகுதி குலைந்துபோன மைட்டோகாண்ட்ரியாவில், உயிரணுவின் சொந்த உறுப்பில் பிறக்கிறது. முதலாவது வெளியிலிருந்து வைத்த தீ. இரண்டாவது வீட்டு அடுப்பே கைமீறியது. ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம் உண்டாயிற்று’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும் ஆய்வறிக்கை இந்த வேறுபாட்டை இழந்துவிடுகிறது.

மடியாத உயிரணு சொல்லும் சேதி

இதுவரை சாவை அளவுகோலாகக் கொண்டோம். அளவுகோலை மாற்றினால் இரட்டையரின் இடமும் மாறுகிறது. 2010-இல் சுவிட்சர்லாந்தின் லொசானைச் சேர்ந்த ஆய்வாளர்கள் என்.எல்.ஆர்.பி.3 என்ற அழற்சி உணர்வியைக் கவனித்தனர். உயிரணுவுக்குள் செரிக்க முடியாத ஒன்று கிடக்கிறது என்று அபாய மணி அடிக்கும் புரத அமைப்பு அது. கல்நார் இழைக்கும் யூரிக் அமிலப் படிகத்திற்கும் எதிராக எழும்புவது. நானோ டைட்டேனியம் அந்த மணியை அடித்து இன்டர்லூகின்-1 வெளியேறச் செய்தது. நானோ துத்தநாகம் அடிக்கவில்லை. சாது என்று பெயர் பெற்றதே அழற்சியைக் கிளப்பியது. கொலையாளி என்று பெயர் பெற்றது இந்த வாசலில் அமைதி காத்தது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டேவிட் லியோங் குழுவினர் 2013-இல் மற்றொரு வியப்பைத் தந்தனர். மனித நுண்குழாய்களின் உட்சுவர் உயிரணுக்களை ஒன்றோடொன்று கோத்து வைப்பது வி.இ.-கேட்ஹெரின் என்ற புரதம். டைட்டேனியத் துகள்கள் அந்தக் கோவைக்கு இடையே புகுந்து பிணைப்பைக் குலைத்தன; உயிரணுக்கள் மடியாமலே சுவரில் இடைவெளிகள் உண்டாயின. உயிரணு செத்ததா என்று மட்டும் கேட்கும் சோதனைக்கு இது கண்ணில் படாது.

அந்தச் சோதனைகளும் முழுமையாக நடுநிலையானவை என்று சொல்லிவிட முடியாது. மிக அதிகமாகப் பயன்படும் எம்.டி.டி. சோதனை 1983-இல் மோஸ்மன் என்பவர் வகுத்தது; உயிருள்ள உயிரணு மஞ்சள் சாயத்தை ஊதாப் படிகமாக மாற்றும், அந்த ஊதாவின் அடர்த்தியே உயிர்ப்பின் அளவு. நானோ துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் ஊதாவைக் கூட்டிக் காட்டலாம். சாயத்தையோ நொதியையோ மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு குறைத்தும் காட்டலாம். டி.என்.ஏ. சேதத்தை அளக்கும் வால்மீன் சோதனையில் இன்னொரு சிக்கல் உண்டு. உயிரணுவை உடைத்துத் திறந்தபின், அதுவரை லைசோசோமில் அடைந்துகிடந்த டைட்டேனியத் துகள் டி.என்.ஏ.வின் அருகே வந்துவிடுகிறது. ஆய்வக விளக்கொளி பட்டால் அப்போது புதிதாகச் சேதம் உண்டாக்கக்கூடும். துத்தநாகத்தின் பக்கமும் இடர் உண்டு. சில வளர்ப்புத் திரவங்களில் பாஸ்பேட் மிகுதி. கரைந்த துத்தநாகம் பாஸ்பேட்டோடு சேர்ந்து வீழ்படிவானால் நச்சு குறைந்து தெரியும். ஆர்.பி.எம்.ஐ. என்ற திரவத்தில் உள்ள பாஸ்பேட், டி.எம்.இ.எம். திரவத்தில் இருப்பதைப்போலப் பல மடங்கு. ஒரே துகளைப் பற்றி இரண்டு ஆய்வகங்கள் முரண்பட்ட முடிவுகளைத் தந்தால், முதலில் துகளைக் குறைசொல்லாமல் திரவத்தையும் விளக்கையும் பார்ப்பது முறை.

தட்டில் கண்ட இந்தத் தன்மைகள் மனித உடலிலும் எதிரொலிக்கின்றன. துத்தநாகம் பூசிய இரும்பைப் பற்றவைக்கும் தொழிலாளர்கள் புகையை மிகுதியாகச் சுவாசித்தால், சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் கண்டு, ஓரிரு நாளில் தெளிகின்றனர். உலோகப் புகைக் காய்ச்சல் என்று மருத்துவம் இதை நெடுங்காலமாக அறியும். அவர்களின் நுரையீரல் கழுவுநீரில் அழற்சிச் சைகைப் புரதங்கள் உயர்ந்திருப்பதும் கண்டறியப்பட்டது. டைட்டேனியத் தூசிக்கு அப்படியொரு காய்ச்சல் கிடையாது. ஆனால் மிக அதிகத் தூசியை நெடுநாள் சுவாசித்த எலிகளின் நுரையீரலில் கட்டிகள் தோன்றின. அதனால் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ள 2பி பிரிவில் வைத்தது. மனிதரிடம் போதிய சான்று இல்லை என்றும் அதே முகமை குறித்தது. துத்தநாகம் விரைவாகத் தாக்கி விரைவாக விலகுகிறது. டைட்டேனியம் தாமதமாக வந்து தங்குகிறது.

ஒரே கைப்பக்குவம்

இத்தனை மாறுபட்ட இரு நோய்களுக்கும் ஆய்வாளர்கள் கண்ட மருந்து ஒன்றுபோல இருப்பதே இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் மகிழ்வித்தது. இரண்டுக்கும் அந்நிய உலோகம் ஒன்றைச் சிறிதளவு படிகத்துக்குள் சேர்க்கிறார்கள். இயற்பியலில் இதை மாசூட்டல் என்போம். நெல் குழுவினர் 2010-இல் துத்தநாக ஆக்சைடு படிகத்தில் பத்து விழுக்காடு வரை இரும்பைச் சேர்த்தனர். படிகம் இறுகியது, கரைதல் குறைந்தது, மனித மூச்சுக்குழல் உயிரணுக்கள் மடிவதும் குறைந்தது. நோலண்டின் ஆக்ஸ்ஃபோர்டு குழுவோ டைட்டேனியம் டைஆக்சைடு படிகத்தில் சிறிதளவு மாங்கனீசைச் சேர்த்தது. ஒளி எழுப்பும் மின்னூட்டங்கள் மேற்பரப்பை எட்டுமுன் படிகத்தின் உள்ளேயே அடங்கின. வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பிறப்பது பெரிதும் குறைந்தது. அது சன்ஸ்கிரீன் சரக்காகச் சந்தைக்கும் வந்தது.

செய்கை ஒன்று, அடைத்த ஓட்டை வேறு. இரும்பு துத்தநாகத்தின் கரைவை அடைத்தது. மாங்கனீசு டைட்டேனியத்தின் ஒளிவினையை அடைத்தது. இந்த மருந்துகள் நோயின் காரணத்தையும் உறுதிசெய்கின்றன. கரைவைத் தடுத்ததும் நச்சு இறங்கியது என்றால், கரைவே நச்சின் வேர் என்பதற்கு அதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

கேட்டையே பயனாக மாற்றும் முயற்சியிலும் இரண்டும் உடன்பிறப்புகள். அமெரிக்காவின் பாய்சி மாநிலப் பல்கலைக்கழகக் குழு 2008-இல், இயல்பான மனித டி உயிரணுக்களைக் காட்டிலும் புற்று டி உயிரணுக்களைத் துத்தநாகத் துகள்கள் பல மடங்கு தேர்ந்து கொல்வதைக் காட்டியது. டைட்டேனியத்தின் பக்கம் 1992-இன் ஹீலா ஆய்வு ஏற்கெனவே நிற்கிறது. எந்தக் குணத்தால் அஞ்சப்படுகின்றனவோ அதே குணத்தால் இரண்டும் மருந்தாகப் பரிசீலிக்கப்படுகின்றன. துத்தநாகம் தன் கரைவால், டைட்டேனியம் தன் ஒளியால்.

தட்டுக்கும் மனிதருக்கும் இடையே

தட்டில் வளரும் உயிரணு திறந்தவெளியில் நிற்கிறது. தோலின் உயிருள்ள உயிரணுக்களுக்கு மேலே இறந்த உயிரணுக்களின் அடுக்கு ஒன்று காவலாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கல்சன் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அரிதான துத்தநாகம்-68 ஐசோடோப்பைக் கொண்டு செய்த சன்ஸ்கிரீனைத் தன்னார்வலர்கள் ஐந்து நாள் கடற்கரையில் பூசிக்கொண்டனர். அந்த அடையாளத் துத்தநாகம் அவர்களின் இரத்தத்திலும் சிறுநீரிலும் தென்பட்டது. ஆனால் அளவு மிகமிகச் சிறிது. டைட்டேனியத் துகள்களும் பெரும்பாலும் அந்த இறந்த அடுக்கிலேயே நின்றுவிடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் இரண்டின் நானோ வடிவங்களையும் களிம்பில் 25 விழுக்காடு வரை அனுமதித்து, மூச்சோடு நுரையீரலுக்குள் போகக்கூடிய தெளிப்பான்களில் மட்டும் விலக்கியது. தோலைப் பொறுத்தவரை இரட்டையருக்கு ஒரே சலுகை. நுரையீரலைப் பொறுத்தவரை ஒரே தடை.

தொடக்கத்தில் கண்ட முரண் இப்போது அவிழ்கிறது. வயிற்றின் அமிலத்தில் துத்தநாக ஆக்சைடு கரைந்து, உடல் அறிந்த துத்தநாகமாகிறது. குடல் தேவையானதை எடுத்துக்கொண்டு மிகுதியைக் கழிக்கிறது. தட்டில் கொன்ற அதே கரைதல், உணவில் அதைக் கணக்கு முடிக்கத்தக்க பொருளாக்குகிறது. டைட்டேனியம் டைஆக்சைடு கரைவதில்லை. பெரும்பகுதி வெளியேறிவிடும், ஆனால் ஒரு சிறு பகுதி தங்கலாம். நெதர்லாந்தில் இறந்தவர்களின் கல்லீரலிலும் மண்ணீரலிலும் அதன் துகள்கள் இருப்பதை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஈ171 என்ற குறியீட்டில் உணவில் சேரும் இந்த வெண்பொடி முழுக்க நானோ அளவினது அல்ல. ஒரு பகுதி நானோ அளவில் இருக்கிறது. டி.என்.ஏ. சேதத்திற்கான வாய்ப்பை விலக்கிவிட முடியவில்லை என்பதால் அது பாதுகாப்பானது என்று இனிச் சொல்ல இயலாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு முகமை 2021-இல் தீர்மானித்தது. உணவுச் சேர்க்கைகளுக்கான உலக சுகாதார நிறுவன, உணவு வேளாண் நிறுவனக் கூட்டு நிபுணர் குழு 2023-இல் அதே சான்றுகளைப் பார்த்து, வரம்பு விதிக்கத் தேவையில்லை என்ற தன் பழைய நிலையையே உறுதிசெய்தது. இரு அவைகளும் படித்தவை பெரும்பாலும் ஒன்றே. தங்கும் பொருளின் நீண்டகால விளைவைக் குறித்து எவ்வளவு முன்னெச்சரிக்கை தேவை என்பதிலேயே அவை பிரிகின்றன.

துத்தநாகத்தில் அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. அதன் நச்சு ஒரு நாளில் தெரிந்துவிடும். வரம்பை அளந்து எழுதிவிடலாம். இருபத்துநான்கு மணி நேரச் சோதனை துத்தநாகத்திற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. டைட்டேனியத்துக்கு அது பொருந்தாது. டைட்டேனியத்தின் கேள்விகளுக்கு வாரக்கணக்கில் வளர்க்கும் உயிரணுக்கள் வேண்டும், வெளிச்சம் வேண்டும், சாவைத் தவிர மற்ற சைகைகளையும் கேட்கும் சோதனைகள் வேண்டும்.

ஆகவே ‘நானோ துகள் நஞ்சா?’ என்ற பொதுக் கேள்வி எந்த விடையையும் தராது. உலோகத்தின் பெயரும் போதாது, அளவும் போதாது. இந்தத் துகள் கரைகிறதா, தங்குகிறதா? கரைந்தால் எங்கே, எவ்வளவு வேகமாக? தங்கினால் எந்த வெளிச்சத்தில், எத்தனை நாள்? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லாத நச்சு ஆய்வை அரைகுறை ஆய்வாகவே கொள்ள வேண்டும். கரைதிறனையும், ஒளிநிலையையும், வளர்ப்புத் திரவத்தின் பெயரையும், உயிரணுவின் மேல் உண்மையில் படிந்த அளவையும் ஒவ்வோர் ஆய்வறிக்கையும் கட்டாயம் எழுத வேண்டும் என்று நம் பல்கலைக்கழக ஆய்வகங்களும் இதழாசிரியர்களும் வலியுறுத்த வேண்டும். வாசகர் தம் பங்குக்கு, இவ்விரு கனிமங்கள் கலந்த சன்ஸ்கிரீனைக் களிம்பாகப் பூசத் தயங்க வேண்டியதில்லை. அவற்றைத் தெளிப்பானாகவோ தூளாகவோ மூச்சில் இழுக்கும் வடிவில் வாங்குவதைத் தவிர்ப்பதே அறிவுடைமை.